தூத்துக்குடி டு லே: கிலோமீட்டரை நம்பாதீங்க தங்கச்சிகளா!

ஞாயிற்றுக்கிழமை காலை. குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். தூத்துக்குடியிலிருந்து தங்கச்சியின் போன்.

"அக்கா, நெட்ல பாத்தேன். நம்ம ஏர்போர்ட்டுக்கும் லே ஏர்போர்ட்டுக்கும் 2,820 கிலோமீட்டராம். பறக்குற நேரம் நாலு மணி நேரம்னு போட்டிருக்கான். காலையில இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்புனா மத்தியானச் சோத்துக்கு அவர்கிட்ட போயிரலாம்லா?"

அவள் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது லே பக்கம் பணி. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று ஆறு மாதமாக ஆசை. பாவம், ஆசையில் கணக்குப் போட்டுவிட்டாள். "ஏட்டி, காலை இட்லி தூத்துக்குடியில சாப்பிடலாம். மத்தியானச் சாப்பாடு அவரோடதான், ஆனா அடுத்த நாள் மத்தியானம்" என்றேன். போனில் அரை நிமிடம் சத்தமே இல்லை.

டெல்லி ஜனக்புரியில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து லடாக்குக்கோ காஷ்மீருக்கோ போகிற சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு ராத்திரி நம் வீட்டில்தான். என் வீட்டுக்காரர் இதற்கு 'ஜனக்புரி சத்திரம்' என்றே பெயர் வைத்துவிட்டார். சத்திரம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 2,820 எங்கிருந்து வந்தது?

அது பொய்யில்லை. பிள்ளைகளின் அட்லஸ் ஒன்று இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். தூத்துக்குடி விமான நிலையம் வாகைகுளத்தில், வடக்கு அட்சரேகை 8.7 டிகிரியில் இருக்கிறது. லே விமான நிலையம் 34.1 டிகிரியில். வித்தியாசம் 25.4. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினால் 2,819. முடிந்தது கணக்கு.

இவ்வளவு சுலபமாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. தீர்க்கரேகையில் தூத்துக்குடி 78.0, லே 77.5. அரை டிகிரிதான் வித்தியாசம். அதாவது வாகைகுளத்தில் நின்று நேர் வடக்கே ஒரு நூலை இழுத்துக்கொண்டே போனால் அது லேக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தெற்கு வடக்காக இருக்கும் ஊர்களுக்கு மட்டும் இந்த மனக்கணக்கு பலிக்கும். கிழக்கு மேற்காகப் போகிறவர்கள் இதைப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

நாலு மணி நேரம் என்பது எப்படி வந்தது? ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, 2,820-ஐ வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் நாலு மணி. இணையத்தில் தூரம் காட்டும் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான். தூத்துக்குடியில் ஏறி லேயில் இறங்க நேரடி விமானம் இருக்கிறதா என்று அந்தக் கணக்குக்குக் கவலையில்லை. இல்லாத விமானத்தின் நேரத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்தால் எப்படி?

உண்மையில் மூன்று விமானம் ஏற வேண்டும். தூத்துக்குடியிலிருந்து பெங்களூரு சுமார் 500 கிலோமீட்டர், அங்கிருந்து டெல்லி 1,700, டெல்லியிலிருந்து லே 620. கூட்டிப் பாருங்கள்: அதே 2,820! பெங்களூருவும் டெல்லியும் கிட்டத்தட்ட அந்த நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. சென்னை வழியாகப் போனாலும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர்தான் கூடும். ஆகவே 'சுத்தி வளைச்சுப் போறதாலதான் லேட்டாகுது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுற்று இல்லை. காத்திருப்புதான்.

தூத்துக்குடிக்கு வழக்கமாக வந்துகொண்டிருப்பது இறக்கையில் காற்றாடி சுற்றும் ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர்தான் போகும். அதில் சுமார் ஒன்றரை மணி, அடுத்து டெல்லிக்கு இரண்டே முக்கால், கடைசியில் லேக்கு ஒன்றேகால். ஆகாயத்தில் இருப்பது ஐந்தரை மணி நேரம். பிறகு தங்கச்சி போனபோது, வீட்டுப் படி இறங்கியதிலிருந்து லேயில் வெளியே வரும்வரை ஆனது 22 மணி நேரம். சிங்கப்பூரில் ஏறினால் 15,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நியூயார்க்கில் 19 மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அங்கே ஒரே விமானம், நமக்கு மூன்று. அவ்வளவுதான் விஷயம்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

எல்லோரும் ஊரிலிருந்து புறப்படும் விமானத்தை முதலில் பார்ப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடைசி விமானத்தை, அதாவது டெல்லி–லே விமானத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கேற்ப டெல்லிக்கு எப்போது வரவேண்டும், அதற்கேற்ப ஊரில் எப்போது ஏறவேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள்.

காரணம், லேக்குப் பயணிகள் விமானங்கள் காலையிலும், மிஞ்சிப்போனால் மதியத்தை ஒட்டியும்தான் போகும். சுற்றிலும் மலை. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று சுழற்றி அடிக்கும். அந்த உயரத்தில் ஏற்கெனவே மெல்லிசாக இருக்கும் காற்று சூட்டில் இன்னும் மெலியும். விமானம் தூக்கிக்கொண்டு எழும்பத் திணறும். அதனால் பிற்பகலில் கடையை மூடிவிடுவார்கள்.

இதில் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. சென்னை விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்றால் அது தாமதம், அவ்வளவே. லே விமானம் டெல்லியில் மூன்று மணி நேரம் தாமதமானால் அநேகமாக அது ரத்து. அங்கே இறங்கும் நேரம் தாண்டிவிடுமே! டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் விழும் மூடுபனி தெரியுமல்லவா? எதிர்வீட்டு பால்கனி தெரியாது. அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரு நாளைக் கையில் உபரியாக வைத்துக்கொள்ளாமல் டிக்கெட் எடுக்கவே கூடாது. குளிர்காலத்தில் மணாலி வழிச் சாலையும் பனியில் மூடிக்கிடக்கும். 'பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்' என்பதெல்லாம் நடக்காது.

ஆகத் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு டெல்லியில் ஒரு ராத்திரி கட்டாயம். ஏர்போர்ட் நாற்காலியில் சுருண்டு படுத்து அந்த ராத்திரியைக் கழிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாள் போகும் இடம் தூக்கம் கெட்டுப்போய்ப் போகவேண்டிய இடமில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்த கதை

என் சித்தி மகள் ஒருத்தி இதே பாதையில் போனாள். தூத்துக்குடி–சென்னை ஒரு நிறுவனம், சென்னை–டெல்லி வேறொன்று. தனித்தனியாக எடுத்தால் 1,200 ரூபாய் குறைவு என்று பெருமையாகச் சொன்னாள். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். சென்னையில் இறங்கியபோது டெல்லி விமானம் ஓடுபாதையில் நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது நிறுவனத்திடம் போய் நின்றால், "நீங்க லேட்டா வந்தா நாங்க என்ன செய்ய முடியும்?" நியாயமான கேள்விதான். முதல் நிறுவனமோ, "எங்க டிக்கெட் சென்னை வரைக்கும்தானே மேடம்?" அதுவும் நியாயம். நடுவில் நின்றவள் புது டிக்கெட்டுக்கு எட்டாயிரம் ரூபாய் கட்டினாள். மறுநாள் காலை லே டிக்கெட்டும் போயிற்று.

முடிந்தவரை மூன்று விமானத்தையும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் எடுங்கள். அப்படி எடுத்தால், ஒன்று தாமதமாகி அடுத்தது தவறினால் மாற்றி ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் இடைவெளியை நாலு மணி நேரமாவது வையுங்கள். அந்த நேரத்தில் காபி குடித்துக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம், தப்பில்லை.

இன்னொரு வழியும் சொல்கிறேன். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் இருக்கிறவர்கள் காரில் திருவனந்தபுரம் போய்விட்டால் அங்கிருந்து டெல்லிக்கு நேரடி விமானம் உண்டு. ஒரு மாற்றம் குறையும். பக்கத்து ஏர்போர்ட்தான் சௌகரியம் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. ஆனால் கைக்குழந்தையோ வயதான மாமியாரோ கூட இருந்தால் நான் தூத்துக்குடியைத்தான் சொல்வேன். சின்ன ஏர்போர்ட், நடை குறைவு. 2025 ஜூலை 26-இல் புது டெர்மினலும் திறந்தாயிற்று; 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டருக்கு நீட்டியிருக்கிறார்கள். பெரிய விமானம் இறங்க இடம் இருக்கிறது. டெல்லிக்கு ஒரு நேரடி விமானம் விட்டால் என் சத்திரத்துக்கு இன்னும் கூட்டம் வரும், வரட்டும்.

பெட்டியில் ஒட்டும் சீட்டைப் படியுங்கள்

இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மூன்றெழுத்துக் குறி உண்டு. தூத்துக்குடி டிசிஆர். திருச்சி டிஆர்இசட். திருவனந்தபுரம் டிஆர்வி. லேயின் குறி ஐஎக்ஸ்எல். மதுரையின் குறி என்ன தெரியுமா? ஐஎக்ஸ்எம்! ஆங்கில வரிசையில் எல்லுக்கு அடுத்தது எம். சண்டிகர் ஐஎக்ஸ்சி, ஜம்மு ஐஎக்ஸ்ஜே. ஓரெழுத்து மாறினால் உங்கள் ஸ்வெட்டர் எந்த ஊருக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். டிக்கெட் போடும்போதும் பெட்டி போடும்போதும் அந்த மூன்றெழுத்தை விரல் வைத்துப் படியுங்கள். டெல்லியில் ராத்திரி தங்குவதாக இருந்தால் பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போடவேண்டுமா, நேரே லேக்குப் போய்விடுமா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட்டால் அப்புறம் டெல்லி பெல்ட் முன்னால் நின்று அழவேண்டியதுதான்.

சாமான் விஷயத்தில் நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. கொப்பரைத் தேங்காய் வேண்டாம். எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்து வைத்துவிடுவார்கள். ஊறுகாய் கைப்பையில் வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் கூடாது. தூத்துக்குடி மக்ரூனைக் கைப்பையில் மேலாக வையுங்கள், பெட்டியில் போட்டால் ரவையாகத்தான் போய்ச் சேரும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எப்படி வைத்தாலும் போகும். அதற்கு உடையும் பயமே கிடையாது.

கம்பளி உடுப்பை ஊரில் தேடி அலையாதீர்கள். தூத்துக்குடியில் யார் ஸ்வெட்டர் விற்கிறார்கள்? ஜனக்புரிக்குப் பக்கத்தில் திலக் நகர் மார்க்கெட் இருக்கிறது. உள்ளாடை முதல் குல்லா வரை ஒரே சாயங்காலத்தில் வாங்கிவிடலாம். பேரம் பேசத் தெரியாதவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன்.

ஜனக்புரியிலிருந்து ஏர்போர்ட்

டெல்லி ஏர்போர்ட் என்பது ஒரே கட்டடமில்லை. டெர்மினல் 2-உம் 3-உம் பக்கம் பக்கம், நடந்தே போகலாம். டெர்மினல் 1 பல கிலோமீட்டர் தள்ளி, வேறு பக்கத்தில். ஒரே நிறுவனத்தின் விமானமே ஒன்று இங்கும் இன்னொன்று அங்குமாக இருக்கும். வந்து இறங்கிய டெர்மினலில்தான் மறுநாள் ஏறவேண்டும் என்று நினைத்துப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஜனக்புரி வெஸ்ட் மெட்ரோவில் மெஜந்தா லைனில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன் டெர்மினல் 1. டெர்மினல் 3-க்கு நீல லைனில் துவாரகா செக்டர் 21 வரை போய், அங்கே ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மாறினால் அடுத்த ஸ்டேஷன். வரும்போது இது அருமையான வழி. ஆனால் லே விமானம் விடிகாலை ஐந்தரை, ஆறுக்கு என்றால் மெட்ரோ உதவாது. முதல் வண்டி புறப்படுவதே ஐந்தரை வாக்கில்தான். டாக்சியை ராத்திரியே சொல்லி வையுங்கள். மூன்று மணிக்கு பங்கா ரோட்டில் நாய்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், சீக்கிரம் போய்விடலாம். பனிக்காலத்தில் மட்டும் இன்னும் அரை மணி முன்னால் கிளம்புங்கள்.

லேக்குப் புறப்படுவதற்கு முந்தின ராத்திரி நான் போடுவது ரசம் சாதமும் சுட்ட அப்பளமும். "டெல்லி வந்துட்டு சோலே பட்டூரே சாப்பிடாம போறதா?" என்று தங்கச்சியின் பிள்ளைகள் முறுக்கிக்கொண்டன. திரும்பி வரும்போது வாங்கித் தருகிறேன் என்றேன். லேக்குப் போகிறவர் வயிற்றில் எண்ணெய்ப் பலகாரம் கூடாது.

கஷ்டமான மூன்று கிலோமீட்டர்

இப்போது சொல்கிறேன், தூக்கமும் ரசமும் ஏன் என்று. 2,820 கிலோமீட்டர் என்பது படுக்கைவாட்டுத் தூரம். செங்குத்தாகவும் ஒரு தூரம் போகிறீர்கள், அதை எந்தத் தூரக் கணக்கும் காட்டுவதில்லை. வாகைகுளம் கடல்மட்டத்தை ஒட்டிய இடம். லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில். நம் நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் இன்னும் அறுநூறு மீட்டர் போய்த்தான் விமானச் சக்கரமே தரையைத் தொடுகிறது. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். டெல்லியில் ஒரு ராத்திரி தங்கினால் உடம்பு பழகிவிடாதா என்று தங்கச்சி கேட்டாள். ஜனக்புரியும் இருநூறு சொச்சம் மீட்டர்தானம்மா! இங்கே தூக்கம்தான் கிடைக்கும், உயரம் கிடைக்காது.

பஸ்ஸில் ஏறிப் போகிறவர்களுக்கு இரண்டு நாளாவது ஆகும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். விமானம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அதனால் இறங்கிய முதல் 48 மணி நேரம் சும்மா இருங்கள். சும்மா என்றால் சும்மா. பெட்டி தூக்காதீர்கள், மாடிப்படி ஓடாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மது வேண்டாம். தங்கச்சி இறங்கிய அன்றைக்கே வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று அடுப்படியில் புகுந்தாள். சாயங்காலம் தலைவலி, வாந்தி. மாப்பிள்ளையே கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். 5,359 மீட்டரில் இருக்கும் கர்துங்லாவும் பாங்காங் ஏரியும் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான். ஓய்வெடுத்தும் தலைவலி கூடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ 'சரியாப் போயிடும்' என்று படுத்துக்கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது. அவர்களுக்கு இது பழகிய வியாதி. இதய நோய், ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். உயரத்துக்கான மாத்திரையையும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று போடாதீர்கள். சல்பா அலர்ஜி உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம்.

போன் பற்றி ஒரு வரி. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டு ஒன்றாவது கையில் இருக்கட்டும். 'போய்ச் சேர்ந்துட்டேன்' என்ற ஒரு சொல்லுக்காக இங்கே நானும் ஊரில் அம்மாவும் காத்திருந்த காத்திருப்பு எங்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கடைசி ஒன்றேகால் மணி நேரத்தில் மட்டும் ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு கதையும் சொல்லுங்கள். 1948 மே 24-இல் மெஹர் சிங் என்ற விமானப்படை அதிகாரி, தளபதி திம்மையாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, டகோட்டா விமானத்தை இந்த மலைகளுக்கு மேலே ஓட்டிப்போய் லேயில் முதன்முதலாக இறக்கினார். உள்ளூர் ஆட்களை வைத்து அவசரமாகச் சமப்படுத்திய மண்தரையில். அந்த ஓடுதளத்தை அமைத்த பொறியாளர்தான் மேலே சொன்ன ஆஸ்பத்திரியின் பெயரில் இருக்கும் சோனம் நோர்பு.

திரும்பி வரும்போது

போகும்போது காட்டிய ஜாக்கிரதையை வரும்போது எல்லோரும் விட்டுவிடுவார்கள். லேயிலிருந்து காலையில் கிளம்பி அன்றைக்கே தூத்துக்குடி போய்விடலாம் என்று காகிதத்தில் தெரியும். வானிலையால் லே விமானம் ரத்தானால் பின்னால் இருக்கும் இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து போகும். டெல்லியில் ஒரு நாள் விட்டு அடுத்த டிக்கெட்டைப் போடுங்கள். சாமான் அதிகமாகிவிட்டதா, அவசரமில்லையா? டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனிலிருந்து கன்னியாகுமரி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரம் இரண்டு நாள் உண்டு. மதுரை, திருநெல்வேலியில் நிற்கும். இரண்டு ராத்திரி ஆகும், ஆனால் பெட்டியைத் தராசில் வைக்கச் சொல்ல மாட்டார்கள்.

தங்கச்சி அடுத்த மே மாதம் மறுபடி போகிறாளாம். நேற்றுதான் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். லே விமானம் காலை ஆறே கால், ஒரே பி.என்.ஆர்., குறி ஐஎக்ஸ்எல், எல்லாம் சரி. டெர்மினல் எண் எழுதிய மூலையைத்தான் வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாள். நீங்களும் உங்கள் டிக்கெட்டை எடுத்து அந்த மூலையை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.